லா ஷப்பேலில் பச்சைப் பீட்ரூட்

கடைவாசலில் காய்கறிப் பெட்டிகளின் முன்னால் குனிந்து, ஒரு பெண்மணி பீட்ரூட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் மண்ணைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சாம்பல் நிறக் கோட்டு, முதுகில் பை. பக்கத்திலிருந்த முருங்கைக்காய், கறிவேப்பிலை, இராசவள்ளிக்கிழங்கு எதன் மேலும் அவர் கண் போகவில்லை. ஐந்தாறு கிழங்குகளைப் பொறுக்கித் தராசில் வைத்தார். கல்லாவில் இருந்த அண்ணா நிறுத்துப் போட்டுவிட்டு, ஒரு பூண்டைச் சும்மா சேர்த்துக் கொடுத்தார்.

“பத்து வருசத்துக்கு மேல வாறா, தம்பி. பீட்ரூட்டுக்காகத்தான் முதல் வந்தவ” என்றார், அவர் போன பிறகு.

2025 அக்டோபரில் பாரிஸ் போயிருந்தேன். தங்கியது, நான் அண்ணா என்று அழைக்கும் இந்தக் கல்லாக்காரரின் வீட்டில். யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்தவர். லா ஷப்பேல் மெட்ரோ நிலையத்துக்குக் கீழே, தமிழ்ப் பெயர்ப்பலகைகள் வரிசையாகத் தொங்கும் தெருவில் மளிகைக்கடையில் வேலை. பிரெஞ்சு சூப்பர் மார்க்கெட்டுகளில் பீட்ரூட்டை வேகவைத்து, தோலுரித்து, பிளாஸ்டிக் உறையில் காற்று நீக்கி அடைத்து விற்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது குளிர்ந்த சாலட்டுக்கான காய். போர்ஷ் என்கிற அந்தச் சிவந்த சூப்பை வைக்கப் பச்சைக் கிழங்கு வேண்டும். அதைத் தேடி அலைந்தவர் தமிழ்க் கடையில் கண்டெடுத்திருக்கிறார்.

அவர் உக்ரைனின் கார்கிவ் நகரத்துக்காரர். வீட்டில் பேசுவது ரஷ்ய மொழி. அண்ணா இருக்கும் கட்டடத்திலேயே கீழ்த்தளம் ஒன்றில் குடியிருக்கிறார் என்று கேட்டதும் என் காது நிமிர்ந்தது. என் இளமையில் ரஷ்யா என்பது ஒரு வாசனை. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்ப, என்சிபிஎச் (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடையில் குறைந்த காசுக்குக் கிடைத்த கெட்டி அட்டைப் புத்தகங்களின் வாசனை. டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலை ஒரு கோடை விடுமுறையில் மொட்டைமாடியில் படித்து முடித்தவன் நான். அந்த மொழியோடு ஒருவர் இந்த ஊரில் எப்படி வாழ்கிறார் என்று பார்க்காமல் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. அண்ணா கேட்டுப் பார்த்தார். அவரும் சம்மதித்தார். அவருக்கு ஆங்கிலம் சுமாராக வரும்; எனக்குப் பிரெஞ்சு அறவே இல்லை; இடைவெளிகளை அண்ணா நிரப்பினார்.

*

அந்தப் பெண்மணி 2008-இல் படிப்புக்காக வந்தவர். வந்த முதல் வாரத்தில் நடந்ததைச் சொன்னார். வாடகைக்கு அறை பார்க்கப் போன இடத்தில், முதல் மாடிக்கு வா என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். இவர் தெருவோடு இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தார். ரஷ்ய மொழியில் தரையோடு இருப்பதே முதல் தளம். பிரெஞ்சில் நம்மைப் போல அதற்கு மேலே ஒன்று. வேடிக்கை என்னவென்றால், தளத்துக்கு ரஷ்ய மொழியில் இருக்கும் ‘எதாஷ்’ என்ற சொல்லே பிரெஞ்சிலிருந்து போனதுதான். சொல் போனது, கணக்குப் போகவில்லை.

இப்படிப் பல சொற்கள் அவருக்கு வழித்துணையாக இருந்தனவாம். கடைக்கு ‘மகஸீன்’, பயண மூட்டைக்கு ‘பகாஷ்’, கெட்ட கனவுக்கு ‘கஷ்மார்’. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ரஷ்யப் பிரபுக்கள் பிரெஞ்சு பேசியதன் மிச்சம் இது. தெரியாத ஊரில், தெரியாத முகங்களுக்கு நடுவே, பலகையில் தன் வீட்டுச் சொல் ஒன்று எதிர்ப்படுவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர் சொல்லும்போது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். நீ, நீங்கள் வித்தியாசமும் இரண்டு மொழிகளிலும் உண்டு. யாரை எப்போது ஒருமையில் அழைக்கலாம் என்பதை அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. மூக்கால் சொல்லும் பிரெஞ்சு உயிரெழுத்துகள்தான் வருடக்கணக்கில் வாட்டின.

கார்கிவில் மருந்தியல் படித்தவர். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெற்ற அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு பிரான்சில் மருந்தாளுநராக நிற்க முடியாது. தேர்வும் அனுமதியும் தனியாக வாங்க வேண்டும். குழந்தை பிறந்தது, பணம் தேவைப்பட்டது, அது தள்ளிப்போனது. இப்போது ஓபெர்வில்லியே பக்கம் ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். எந்த மருந்து எதற்கு என்று அங்கே வேலை செய்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன். “எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே ஊரில் இதே நிலையில் இருந்தவர்கள் டாக்சி ஓட்டினார்கள். 1917 ரஷ்யப் புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் பிறகு ஓடி வந்த படைத்தலைவர்கள், வழக்கறிஞர்கள், மாணவர்கள். பில்லான்கூர் ரெனோ கார்த் தொழிற்சாலையில் எத்தனையோ ரஷ்யர்கள் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவர் எனக்கு மிக நெருக்கமானவர்: கைதோ கஸ்தானோவ். 1903-இல் பீட்டர்ஸ்பர்கில் பிறந்த ஒசேத்தியர். பதினாறு வயதில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப் படையில் சேர்ந்து, தோற்று, கப்பலேறி, பாரிஸில் மூட்டை தூக்கி, ரயில் எஞ்சின் கழுவி, 1928 முதல் 1952 வரை இரவு டாக்சி ஓட்டினார். பகலில் எழுதினார். ‘இரவுப் பாதைகள்’ என்ற அவர் நாவலில் வரும் பாரிஸ் அந்த டாக்சியின் முன்கண்ணாடி வழியாகத் தெரியும் பாரிஸ். அவர் முன்னோரின் மொழி ஒசேத்தியம். எழுதிய மொழி ரஷ்யம். வாடிக்கையாளரோடு பேசிய மொழி பிரெஞ்சு.

அந்தத் தலைமுறைக்கு நாடு கிடையாது. 1921 டிசம்பரில் சோவியத் அரசு அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. மறு ஆண்டு, நார்வேக்காரர் ஃப்ரித்யோஃப் நான்சென் முயற்சியால் நாடற்றவர்களுக்கு ஒரு தாள் உருவானது. நான்சென் பாஸ்போர்ட் என்று அதற்குப் பெயர். 1933-இல் நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போன எழுத்தாளர் இவான் பூனினும் நாடற்றவராகத்தான் போனார்.

*

தாள் என்றதும் அண்ணாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அவர் பெயர் இலங்கையில் அவருடையது மட்டும். முன்னால் அப்பாவின் பெயர். பிரெஞ்சுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் அப்பாவின் பெயர் போய் உட்கார்ந்துவிட்டது.

“தபால்காரன், டொக்டர், வங்கி, எல்லாரும் முப்பது வருசத்துக்கு மேல என்ர அப்பாவைத்தான் கூப்பிடுறாங்கள், தம்பி. செத்து எவ்வளவு காலம். இன்னும் கூப்பிடுறாங்கள். நானும் ஓம் எண்டு எழும்பிப் போறன்.”

அந்தப் பெண்மணிக்கு நேர்ந்தது இதற்கு எதிர். ரஷ்ய மொழியிலும் உக்ரைனிய மொழியிலும் ஒருவரை மரியாதையாக அழைக்க அவர் பெயரோடு தந்தையின் பெயரையும் சேர்க்க வேண்டும். அதற்குப் பிரெஞ்சுப் படிவத்தில் கட்டமே இல்லை. அவரது அட்டையில் அப்பா காணாமல் போய்விட்டார். அவருடைய தாயார் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் இலக்கிய ஆசிரியை. பிள்ளைகள் எல்லோரும் பெயரும் தந்தை பெயருமாகத்தான் அழைப்பார்கள். பாரிஸில் அவர் வெறும் ‘மதாம்’. “அம்மாவை இங்கே யாரும் முழுதாகக் கூப்பிடுவதில்லை” என்றார் மகள்.

இதைக் கேட்டதும் அண்ணா அந்த மூதாட்டியின் பெயரையும் தந்தை பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டார். அடுத்த நாள் கடையில் அதைச் சொல்லிப் பார்த்தார். யாழ்ப்பாண உச்சரிப்பில் அது எப்படி விழுந்திருக்குமோ, மூதாட்டி நின்று, திரும்பி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கல்லா மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

*

மூதாட்டி 2022 மார்ச்சில் வந்தவர். ரஷ்யா போர் தொடங்கிய நாட்களில் கார்கிவ் மக்கள் மெட்ரோ நிலையங்களில் பதுங்கியிருந்தார்கள். அவரும் நடைமேடையில் கம்பளம் விரித்துப் பதினோரு இரவுகள் படுத்திருந்தார். பிறகு ரயில்கள் மாறி மாறிப் பாரிஸ். அந்த மார்ச் 4-இல் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனியர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அறிவித்திருந்தது. பிரான்சில் அதற்குத் தரும் தாள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. ஆறு மாதத்துக்கு மேல் எதையும் யோசிக்க அவர் பழகவில்லை. சுரங்கத்தில் ஓடும் மெட்ரோவில் ஏற மாட்டார். ஆனால் இரண்டாம் தடம் லா ஷப்பேலில் தூண்களின் மேல் ஓடுகிறது. ஷோரெஸ் வரைக்கும் அது வானத்தின் கீழ்தான். அந்தத் துண்டில் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து போவார், வருவார். அடுத்த நிலையம் ஸ்தாலின்கிராத். வண்டிக்குள் நிலையப் பெயரை இரண்டு முறை சொல்வார்கள்: முதலில் கேட்பது போல, பிறகு பதில் சொல்வது போல. ஸ்தாலின்கிராத்? ஸ்தாலின்கிராத். அங்கே இறங்கி ஏழாம் தடத்துக்கு மாறினால் மகள் வேலைக்குப் போகும் வழி. அதில் ஒரு நிலையத்துக்குப் பெயர் கிரிமியா. 1850-களில் ரஷ்யாவைத் தோற்கடித்த போரின் நினைவாகப் பாரிஸ்காரர்கள் வைத்த தெருப்பெயரிலிருந்து வந்தது. 2014-இல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்துக்கொண்ட பிறகு அந்தப் பெயரைத் தினமும் இரண்டு முறை கடந்து போகிறார் மகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிட அழைத்தார்கள். அந்தச் சமையலறையைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். அண்ணா கடைப் பீட்ரூட்டில் போர்ஷ். மேலே ஸ்மெத்தானாவுக்குப் பதிலாகப் பிரெஞ்சுப் புளிப்புக் கிரீம். சோயிக்கீரை போன்ற ஊக்ரோப் தழை. அதை இங்கே மீனோடு சேர்க்கச் சிறு சிறு கட்டாகத்தான் விற்கிறார்களாம், அவர்கள் ஊரில் கை நிறைய அள்ளிப் போடுவது. கஞ்சிக்கு வறுத்த கோதுமை போலிருந்த கிரேச்கா தானியம், எங்கோ ரஷ்யக் கடையில் தேடி வாங்கியது.

கணவர் கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத்தவர். கட்டட வேலை. கிர்கிஸ் தாய்மொழி. மனைவிக்கு அது தெரியாது. அவருக்கு உக்ரைனிய மொழி தெரியாது. பாரிஸில் இருவரும் பேசிப் பழகியது, காதலித்தது, சண்டை போட்டது எல்லாம் ரஷ்ய மொழியில். பதினோரு வயது மகனுக்கு அது புரியும்; பதில் பிரெஞ்சில் வரும். பாட்டியோ 2022-க்குப் பிறகு ரஷ்ய மொழி பேசுவதை நிறுத்திவிட்டார். பிறந்ததிலிருந்து பேசிய மொழி அது. கனவு காண்பதும் அதில்தான். ஆனால் வாயைத் திறந்தால் உக்ரைனியம் மட்டும். பள்ளியில் கற்றது, அறுபத்தெட்டு வயதில் தூசி தட்டியது. சொல் கிடைக்காதபோது நிறுத்திக் கண்ணை மூடிக் காத்திருக்கிறார்.

மருமகன் உப்பைக் கேட்டால் ரஷ்யத்தில் கேட்கிறார். மாமியார் உக்ரைனியத்தில் இந்தா என்கிறார். பேரன் பிரெஞ்சில் எனக்கும் என்கிறான். மகள் மூவருக்கும் நடுவில் தட்டுகளை நகர்த்திக்கொண்டிருக்கிறார். யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. ஆனால் பேச்சு அடிக்கடி நின்றுவிடுகிறது.

நான் படித்த நாவல்களைப் பற்றிச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பாதியில் தோன்றியது. டால்ஸ்டாயின் பெயர் வந்ததும் மூதாட்டி கரண்டியைக் கீழே வைத்தார். மகள் மொழிபெயர்த்தார்: “முப்பத்தைந்து வருடம் அவரைத்தான் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டினேன். வீட்டில் அலமாரி நிறைய இருக்கிறது. யாரும் எரிக்கவில்லை, திருடவில்லை. என்னால் திறக்கத்தான் முடியவில்லை.”

ஒரு மொழி அதைப் பேசி வரும் படையின் சொத்தல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். கஸ்தானோவ் என்ற ஒசேத்தியரும், இந்தச் சமையலறையில் உட்கார்ந்திருக்கும் கிர்கிஸ்காரரும் அந்த மொழிக்கு எந்த ஜாருக்கும் குறையாத உரிமையுள்ளவர்கள். அதை அந்த மேசையில் நான் சொல்லவில்லை. நடைமேடையில் பதினோரு இரவுகள் படுத்தவரிடம் அதைச் சொல்லும் தகுதி மொட்டைமாடியில் படித்தவனுக்கு இல்லை.

*

மகளோடு இரண்டாம் தடத்தில் எதிர்த்திசையில் கூர்செல் வரை போய் இறங்கினேன். பக்கத்தில் தரூ தெரு. 1861-இல் கட்டி முடித்த அலெக்ஸாந்தர் நெவ்ஸ்கி தேவாலயம். பொன்னிற வெங்காயக் கூம்புகள் பாரிஸின் சாம்பல் கூரைகளுக்கு மேலே நின்றன. நாவலாசிரியர் துர்கேனெவுக்கு 1883-இல் இறுதி வழிபாடு இங்கேதான் நடந்தது. 1918-இல் பிக்காசோ ரஷ்ய நடனக்காரி ஓல்காவை மணந்ததும் இங்கேதான். உள்ளே பெஞ்சு இல்லை, நின்றுதான் தொழ வேண்டும்.

மகள் வாசல் கம்பியோடு நின்றுவிட்டார். இந்தச் சபையின் பெரும்பகுதி 2019-இல் மாஸ்கோ பேராயத்தோடு இணைந்தது. போர் தொடங்கியதும் இதன் தலைமைப் பேராயர் மாஸ்கோவின் முதன்மைப் பேராயர் கிரீலுக்குப் போரைக் கண்டித்துத் திறந்த மடல் எழுதினார். அது அவருக்குத் தெரியும். அந்த மனிதர் மேல் மரியாதை உண்டு. இருந்தாலும் கால் நகரவில்லை என்றார். இரண்டு யூரோ நாணயத்தை என் கையில் வைத்து, “அப்பாவுக்கு ஒன்று ஏற்றிவிட்டு வாருங்கள்” என்றார். அட்டையில் இடமில்லாமல் போன அந்தத் தந்தையின் பெயரை நானாகத்தான் மனதுக்குள் சொல்லி மெழுகுத்திரியை ஏற்றினேன்.

திரும்பும்போது அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. கணவர். மெட்ரோப் பெட்டியில் குரலைத் தாழ்த்தி, கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார். ரஷ்ய மொழி கேட்டால் சிலர் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களில் சிலர் உக்ரைனியர்கள், அவர்களுக்கு வலிக்கும், அவர்கள் மேல் தப்பில்லை என்றார். 1932 மே மாதம் கொர்குலோஃப் என்ற ரஷ்யக் குடியேறி பிரெஞ்சு ஜனாதிபதி போல் தூமேரைச் சுட்டுக் கொன்றபோதும், அவனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத டாக்சிக்காரர்களும் தொழிலாளிகளும் தங்கள் உச்சரிப்பை மறைக்கப் பார்த்திருப்பார்கள்.

அண்ணாவோடு போனது வேறோர் இடம். வலான்ஸ் தெருவில் துர்கேனெவ் நூலகம். 1875-இல், பாரிஸிலிருந்த ரஷ்ய மாணவர்கள் படிக்க இடம் வேண்டுமென்று, துர்கேனெவ் உதவியோடு தொடங்கியது. 1940-இல் நாஜிகள் ஏறத்தாழ 1,00,000 புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிகச் சிலவே திரும்பின. மீண்டும் முதல் புத்தகத்திலிருந்து சேர்த்தார்கள். நான் இதைச் சொல்லி முடித்ததும் அண்ணா வெளியே வந்து நடைபாதையில் நின்றார். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. 97,000 நூல்கள். “சாம்பல் எங்கட வீட்டு முற்றம் வரைக்கும் பறந்து வந்தது, தம்பி. ஒரு தாள் துண்டில எழுத்துத் தெரிஞ்சது. கையில எடுக்க, உதிர்ந்து போச்சுது.” திரும்ப உள்ளே போய், ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாத அலமாரிகளின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

*

கடைசி ஞாயிறு, கடை வேனில் எல்லோரும் சேன்-ழென்வியேவ்-தே-புவா போனோம். பாரிஸுக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர். அங்கே போகும் ரயில் நகரத்துக்குள் சுரங்கத்தில் ஓடுவதால், மூதாட்டிக்காக அண்ணா வேனை எடுத்தார். 1927-இல் அங்கே ஒரு முதியோர் இல்லம் தொடங்கினார்கள். சாகும்வரை ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டிருக்க ஓர் இடம். அருகிலிருந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர்களைப் புதைக்கத் தொடங்கி, இன்று அது பிர்ச் மரங்களும் நீலக் கூம்புச் சிற்றாலயமுமாக ஒரு ரஷ்யக் கிராமம் போல் நிற்கிறது.

பூனின் இங்கே இருக்கிறார். திரைப்பட இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி இருக்கிறார். ஓடும் ரயிலில் ஒரு தாத்தார் குடும்பத்தில் பிறந்த நடனக்காரர் நுரேயெவின் கல்லறையைச் சிவப்பும் நீலமும் பொன்னுமாக ஒரு கம்பளம் மூடியிருந்தது. அண்ணா தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். எல்லாம் சிறு சிறு சில்லுகளால் பதித்த வேலை. கஸ்தானோவின் கல்லைத் தேடி நான் தனியாகப் போனேன். இரவெல்லாம் வண்டியோட்டியவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. வணங்கிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது மூதாட்டி ஒரு சாதாரணக் கல்லறையின் முன்னால் நின்றிருந்தார். யாரோ ஒரு பழைய படை அதிகாரி. பெயருக்குக் கீழே பிறந்த ஊர் பொறித்திருந்தது. கார்கிவ். இறந்த ஊர், பாரிஸ். பேரன் கைப்பேசி வெளிச்சத்தைக் கல்லின் மேல் பிடித்துக்கொண்டிருந்தான், பாசி மூடிய எழுத்துகள் பாட்டிக்குத் தெரியட்டும் என்று. அவர் அந்த மனிதரின் பெயரைத் தந்தை பெயரோடு சேர்த்து முழுதாகச் சொன்னார். பிறகு தாழ்ந்த குரலில் நான்கைந்து வாக்கியங்கள் பேசினார். பேரன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குப் புரிந்தது. ரஷ்ய மொழி.

வேனில் ஏறிய பிறகு மகளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

“ஊரில் டிராம் நடுவில் நின்றுபோயிருந்தது, இப்போது மறுபடியும் ஓடுகிறது என்று அவருக்குச் சொன்னார்.”